மதினியின் புறங்கையும் அரை ஓம் தடையும்

பாவனையாளரின் வாசலுக்கு வந்து சேரும் மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட்டாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஆறு வீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதுதான் விதி. புத்தகத்தைத் திறக்காமலே என்னால் இதைச் சொல்ல முடியும். இருந்தாலும் நிழற்பிரதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அது காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு சாமானையும் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் அலுமினியக் கம்பி, மறு முனையில் செப்புக் கம்பி, நடுவில் இரண்டையும் கையால் முறுக்கிச் சேர்த்த இடம். சேர்த்த இடம் கரியாகியிருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் கம்பியின் மேலுறை உருகி, சொட்டாகத் தொங்கி, விழுவதற்கு முன்பே இறுகிவிட்டது. விழாமல் நின்ற அந்தச் சொட்டைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்தவற்றை நினைத்துக்கொள்கிறேன்.

நான் பதுளையில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் கடிதங்களும் கோவைகளும் பார்க்கும் இலிகிதராகச் சேர்ந்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன். நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தேன். ஓமின் விதியை நிறுவச் சொன்னால் இப்போதும் நிறுவுவேன். ஆனால் வயிற்றுக்குச் சோறு போட்டது ஓமின் விதியல்ல, சுற்றறிக்கைகள். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் போக வேண்டும், போகாவிட்டால் யாருக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும், எத்தனை பிரதி, எந்தப் பிரதி பதிவுத் தபாலில், எல்லாம் தெரியும். பதில் போடாமல் ஒரு கடிதத்தை வருடக்கணக்கில் எப்படித் தூங்க வைப்பது என்பதும் தெரியும்; அதையும் செய்திருக்கிறேன். எனவே இங்கே நான் கோபப்படுவது வெளியில் நிற்கும் ஒருவனின் கோபமல்ல. எந்த அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று எழுதவில்லை. பெயரை எழுதினால் மற்ற அலுவலகங்கள் நிம்மதியாக மூச்சு விடும்.

மதினி என் அண்ணனின் மனைவி. என்னைவிட இரண்டு வயது இளையவள். அண்ணன் காலமான பிறகும் லயத்தை விட்டு வரவில்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், ஆயம்மாவாக இருந்தாள். பதுளைக்கு வந்து எங்களோடு இருக்கும்படி நானும் என் மனைவியும் பலமுறை கூப்பிட்டோம். “அங்க வந்து என்னா செய்யிறதுங்க? ஒங்க வீட்டுல அழுவுறதுக்கு ஒரு புள்ளகூட இல்ல” என்பாள். என்னைக் கொழுந்தனாரே என்று கூப்பிடுவாள். கேலி செய்ய வேண்டிய நேரங்களில் மட்டும் ஆபீசரய்யா. அந்த நேரங்கள் அதிகம்.

அந்த லயத்தில் எட்டுக் காம்பராக்கள். தெருப்பக்க முனையில், லயத்தோடு ஒட்டினாற்போல் பிள்ளைக் காம்பரா. மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. மின்மானி பிள்ளைக் காம்பராச் சுவரில் இருந்தது. அங்கிருந்து ஓர் அலுமினியக் கேபிள் கூரை மரத்தோடு உள்ளே ஓடி, லயம் ஆரம்பிக்கும் சுவருக்குப் பக்கத்தில் முடிந்தது. அதற்கு மேல் கேபிள் போதவில்லை. வெளிச்சம் வழங்கும் வைபவத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மாலை வாங்கியாகிவிட்டது. ஆகவே மெல்லிய செப்பு வயரை அலுமினியத்தோடு முறுக்கி, மேலே டேப் சுற்றி, எட்டுக் காம்பராவுக்கும் இழுத்துவிட்டார்கள். அப்போது காம்பராவுக்கு ஒரு பல்பு. அதற்கு அந்த வயர் போதும். பிறகு தண்ணீர் கொதிக்க மின்சாரக் கேத்தல் வந்தது, ரைஸ் குக்கர் வந்தது, பள்ளிக்கூடச் சட்டைக்கு அயர்ன் வந்தது. வயர் மட்டும் அதே வயர். முறுக்கிய இடத்துக்குள் நமுனுகுலப் பனி வருடக்கணக்காக நுழைந்தது. அலுமினியமும் செப்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரிக்கும். அந்த இடத்துக்கு நேர் கீழேதான் தொட்டில்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். கூரை மரத்தில் உறுதியான இடம் அதுதான்.

காலை ஆறரைக்குத் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். ஏழு மணிக்குப் பெரட்டு. அங்கே பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போக வேண்டும். அந்த அரைமணி நேரத்தில் லயம் முழுவதும் தண்ணீர் கொதிக்கும், சோறு வேகும். அந்த நேரத்தில்தான் மதினி ஸ்டூலில் ஏறித் தொட்டில் கயிறுகளைச் சரிபார்ப்பாள். ஒருநாள் கயிற்றுக்கு மேலிருந்த கேபிளில் கை பட்டது. அன்று மாலையே எனக்குப் போன்.

“கொழுந்தனாரே, கம்பிக்குக் காய்ச்சல்.”

“என்ன மதினி சொல்றீங்க?”

“காய்ச்சலுங்க. காலையில சுடுது, மத்தியானம் தணிஞ்சிருது, பொழுது சாய மறுபடி ஏறுது. ஒரு சாண் நீளத்துக்குத்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சும்மாத்தான் இருக்கு.”

கம்பியைத் தொடக் கூடாது என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “பொறங்கையாலதான் தொட்டேன். புள்ளைக்குக் காய்ச்சலான்னு உள்ளங்கையில பார்த்தா தெரியாதுங்க. உள்ளங்கை வேல செஞ்சு மரத்துப்போன கை” என்றாள். மின்வேலை செய்பவர்களும் சந்தேகமான கம்பியைப் புறங்கையால்தான் தொடுவார்கள். அதிர்ச்சி அடித்தால் விரல்கள் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல் கை விலகிவிடும். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த நாள் பதுளைக் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த மின்சாதனக் கடைக்குப் போய் ஒரு பல்மானி வாங்கினேன். வோல்ட்டும் அளக்கும், ஓமும் அளக்கும் சின்னக் கருவி. கடைக்கார நானா அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, “என்ன சேர், பென்சன் எடுத்தவங்க எல்லாம் ரோசாச் செடி வாங்குறாங்க, நீங்க மீட்டர் வாங்குறீங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, டேப்பைப் பிரித்து, இணைப்பின் இரு பக்கமும் முனைகளை வைத்தேன். புள்ளி எட்டு ஓம். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே அந்தக் கருவி புள்ளி மூன்று காட்டும். அது கருவியின் சொந்த வயர்களின் தடை. கழித்தால் அரை ஓம். நான் பள்ளிக்கூடத்தில் பார்த்த தடையிகள் நூறு ஓம், ஆயிரம் ஓம். உடம்பில் வர்ண வளையங்கள் போட்டவை. அரை ஓமுக்கு வளையம் போட்டதைக்கூடப் பார்த்ததில்லை. “ஒன்றுமே இல்லை மதினி” என்றேன்.

“ஒங்க மிசினு ஒண்ணுமில்லேங்குது. எங் கை சுடுதேங்குது. இதுல யாரு படிச்சவங்கன்னு நீங்களே சொல்லுங்க ஆபீசரய்யா.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஹாலிஎல தாண்டியதும், எனக்குப் பதில் கிடைத்தது. தடை சிறியதா பெரியதா என்று தனியாகக் கேட்பதே பிழை. அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது இது. மூன்று கேத்தலும் ஒரு ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஏறக்குறைய இருபது அம்பியர். எட்டுக் காம்பராவின் ஓட்டமும் அந்த ஒரு முறுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். இருபது அம்பியரை அரை ஓமால் பெருக்கினால் பத்து வோல்ட். அந்தப் பத்து வோல்ட் எந்தக் காம்பராவுக்கும் போகாது, முறுக்கிலேயே தங்கிவிடும். பத்து வோல்ட்டையும் இருபது அம்பியரையும் பெருக்கினால் இருநூறு வாட். ரேடியோ திருத்துபவர் ஈயத்தை உருக்கும் கோல் நாற்பது வாட். ஐந்து கோல்களைச் சேர்த்துக் கட்டித் தொட்டில்களுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டம் பாதியானால் சூடு காலாகக் குறையும். இரட்டித்தால் நாலு மடங்காகும். அதனால்தான் மத்தியானம் காய்ச்சல் தணிந்தது. மெயினில் ஃபியூஸ் என்ற உருகி இருந்ததே, அது எதற்கு என்று கேட்கலாம். முப்பது அம்பியர் தாண்டினால்தான் அது அறும். இருபதில் அதற்கு ஒரு குறையும் தெரியாது. பாவம், அதுவும் விதிப்படி வேலை செய்தது.

இனி என் துறை ஆரம்பமாகிறது. கம்பி இவ்வளவுதான் சுடலாம் என்று எண் போட்ட விதி ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வோல்ட்டளவுக்கு எண் இருந்தது. கடைசிக் காம்பராவில் ஒரு பெண் இருந்தாள்; அவளுடைய ரைஸ் குக்கர் காலையில் சோற்றை வேகவைத்து முடிப்பதேயில்லை. முறுக்கில் பத்து வோல்ட், மெல்லிய நீள வயரில் இன்னும் இருபது வோல்ட்டுக்கு மேல், வரிசையாக நின்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அவளுக்கு விட்டன. ஆகவே வோல்ட்டளவு விதியைப் பிடித்தேன். மதினியின் பெயரில் முறைப்பாடு எழுதினேன். மூன்று பக்கம். அலுவலகத்துக்கு மூலப்பிரதி, தோட்ட நிர்வாகத்துக்குப் பிரதி, மேலதிகாரிக்குப் பிரதி. என் வாழ்நாளில் எழுதிய நல்ல கடிதங்களில் அது ஒன்று. மதினியிடம் வாசித்துக் காட்டினேன். “நல்லா இருக்குங்க. புள்ளைங்க தூங்கிருச்சு” என்றாள்.

உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். முற்பகல் பதினொரு மணிக்கு வந்தார். கடைசிக் காம்பராவில் அளந்தார், இருநூற்று முப்பத்தொன்று. துண்டொன்றில் ‘வோல்ட்டளவு சரி, குறைபாடு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பொய் எழுதவில்லை. பதினொரு மணிக்கு லயத்தில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் மலையில். ஒரு கேத்தலும் ஓடவில்லை. ஓட்டமில்லாத கம்பியில் தடை எதையும் எடுப்பதில்லை. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். இப்படியே விட்டால் அந்தத் தோட்டத்து வோல்ட்டளவு எந்தக் காலத்திலும் பிழையாக இருக்கப்போவதில்லை. ஏனென்றால் அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் லயத்தில் அடுப்பு எரியும் நேரமும் ஒருநாளும் சந்திப்பதில்லை. கங்காணிகூடக் கொழுந்தை நிறுக்கும்போது தராசில் கொழுந்து இருக்கிறதா என்று பார்ப்பார். இவர்கள் வெறுந்தராசை நிறுத்துப் பார்த்துத் திருப்தியோடு போனார்கள்.

நான் மேன்முறையீடு எழுதினேன். காலை ஆறரைக்கு வந்து அளக்கும்படி கேட்டேன். கடமை நேரம் எட்டரைக்கு ஆரம்பம் என்று தொலைபேசியில் ஞாபகப்படுத்தினார்கள். அந்த நாட்களில்தான் மதினி முதல்முறை கேட்டாள்.

“லுணுகலையில லொறிக்கு வயர் வேல செய்யிற பாஸ் ஒருத்தர் இருக்காருங்க. ஞாயித்துக்கெழம வாரேங்குறாரு. அந்த முறுக்க வெட்டிப் போட்டுட்டு, செம்பையும் அலுமினியத்தயும் சேக்குறதுக்குன்னே ஒரு கனெக்டர் இருக்காம், அத வச்சு முடுக்கினா பத்து நிமிச வேலையாம்.”

“வேணாம் மதினி. இப்ப கை வைக்காதீங்க.”

“ஏங்க?”

“அத மாத்திட்டா மறுபடி வந்து அளக்கிறவர் என்னத்தப் பார்ப்பார்? நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். மெல்லிய வயரையும் மாத்தணும், லயத்துக்குத் தடிச்ச கேபிள் போடணும். முறுக்க மட்டும் சரி பண்ணினா நம்ம முறைப்பாட்டுக் கோவைய மூடிருவாங்க.”

“சரிங்க. நீங்க படிச்சவங்க” என்றாள். அதில் கேலி இல்லை. எத்தனையோ முறை என்னைக் கேலி செய்தவள் அன்று ஏன் செய்யாமல் விட்டாள்? தொட்டில்களைத் தள்ளிக் கட்ட முடியுமா என்று கேட்டேன். மற்ற மரம் உளுத்தது என்றாள். தரையில் ஈரம், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாம் பரிசோதனைக்கு நாள் கிடைத்தது. நேரம் முற்பகல் பத்தரை. நான் அந்த நேரத்தைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதத் தயாரானேன். மதினி, “எழுதாதீங்க, வரட்டும்” என்றாள். அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரட்டுக்குப் போகும் பெண்கள் காம்பராச் சாவியைப் பிள்ளைக் காம்பராவில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். எட்டுச் சாவியும் மதினியின் பொறுப்பு. அன்று காலை எல்லோரிடமும் கேத்தலில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள். “தண்ணி ஊத்தியாச்சு ஆயம்மா, வந்தவருக்கு டீயும் ஊத்திக் குடுங்க, அப்பவாச்சும் கண்ணு தெரியட்டும்” என்று ஒருத்தி கத்திக்கொண்டே போனாள். வேன் சத்தம் வளைவில் கேட்டதும் மதினி சாவிக்கொத்தோடு எழுந்தாள். எட்டையும் போடவில்லை, போட்டிருந்தால் உருகி அறுந்திருக்கும். மூன்று கேத்தல், ஒரு ரைஸ் குக்கர். ஒரு காலை நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துப் பத்தரை மணியில் வைத்தாள். நான் கூடவே இருந்து பார்த்தேன். எனது முப்பத்துச் சொச்ச வருடச் சேவையில் இவ்வளவு சுத்தமான நடைமுறையை நான் கண்டதில்லை.

வந்தவர் இளம் உத்தியோகத்தர், சிங்களப் பையன். கடைசிக் காம்பராவில் அளந்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி அளந்தார். அதே எண். பிறகு பிள்ளைக் காம்பராவில் ஸ்டூலில் ஏறினார். விரலை நீட்டியவரை மதினி அதட்டினாள்: “தம்பி, விரலால தொடாதீங்க! பொறங்கை, பொறங்கை!” அவர் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய் உடனே இழுத்துக்கொண்டார். கீழே பார்த்தார். ஒன்பது தொட்டில்.

“அம்மா, இது ரொம்ப சூடு தானே” என்றார்.

“அதத்தானே தம்பி எழுதி எழுதி இவங்களுக்குக் கை வலிக்குது.”

மின்மானிக்கு இந்தப் பக்கம் தங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமில்லை, தன்னால் கைவைக்க முடியாது, அறிக்கை மேலே போகும், என்ன செய்வது என்று எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னார். நல்ல பையன். எழுத்தில் கேளுங்கள் என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. அன்றே எழுதினேன்: ‘மேற்படி இணைப்புக்கு யார் பொறுப்பு என்பதையும், தங்கள் தீர்மானம் கிடைக்கும்வரை அதனை நாங்கள் திருத்தலாமா என்பதையும் அறியத் தரவும்.’ நிர்வாகத்துக்கும் பிரதி போனது. வயர் விஷயம் அலுவலகத்தின் பொறுப்பு என்று நிர்வாகம் பதில் எழுதியது. அலுவலகம் எதுவும் எழுதவில்லை. மதினி இரண்டாம் முறை கேட்டாள். பாஸ் இன்னும் வரத் தயாராகத்தான் இருக்கிறார் என்றாள். “அனுமதி கேட்டு எழுதியாச்சு மதினி. பதில் வராம நாமளா கை வச்சா, நீங்கதான் கெடுத்தீங்கன்னு நம்ம தலையில கட்டிருவாங்க” என்றேன். “ஒங்க கடுதாசிக்கு வாய் இருக்கு, கை இல்லீங்களே” என்றாள். சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் நடைமுறைக்கு மாறானதல்ல. இன்றைக்கும் அந்தக் கடிதங்களில் பிழை கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது.

மழை விடாமல் பெய்த ஒரு காலை அது. குளிர் கூடியதால் எல்லா வீட்டிலும் கேத்தல் இரண்டாம் தடவையும் கொதித்தது. பெரட்டுக்குப் போனவர்கள் வளைவைத் தாண்டவில்லை. ஒன்பது தொட்டிலில் எட்டில் பிள்ளைகள். மதினி பிற்பாடு சொன்னது இது: முதலில் மீன் கருகினாற்போல் வாடை வந்ததாம். நிமிர்ந்து பார்த்தபோது டேப் எரிந்து, கேபிளின் மேலுறை சொட்டத் தொடங்கியிருந்தது. எரிந்துகொண்டே விழும் சொட்டு. நேர் கீழே நாலு மாதக் குழந்தை. மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில், எட்டு எட்டு வைத்தால் போய்விடலாம். அந்த எட்டு எட்டுக்குள் எத்தனை சொட்டு விழும் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. வலது கையைக் குழந்தையின் முகத்துக்கு மேல் கூரைபோல் பிடித்துக்கொண்டு, இடது கையால் தொட்டில் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கை கீழே, புறங்கை மேலே. விழுந்தவை எல்லாம் புறங்கையில் விழுந்து ஒட்டிக்கொண்டன. அவளுடைய சத்தத்துக்குத் திரும்பி ஓடிவந்த பெண்கள் மெயினை அணைத்து மற்றப் பிள்ளைகளைத் தூக்கினார்கள். கூரையில் பாதி போயிற்று. பிள்ளைகள் எட்டும் மழையில் நனைந்துகொண்டு உரக்க அழுதன. ஒன்றுக்கும் ஒரு கொப்புளம் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கை முழங்கைவரை கட்டியிருந்தது. கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள்.

“நீங்க சொன்ன மாதிரியே நான் கை வைக்கலீங்க. அதுவா வந்து வச்சிருச்சு.”

“மதினி...”

“அழுவாதீங்க ஆபீசரய்யா. நர்சு பாக்குது. கொழுந்தனாருன்னு சொன்னா நம்பமாட்டா.”

தீப்பிடித்து மூன்றாம் நாள் தடித்த புதிய கேபிள் வந்தது. யார் போட்டது, எந்த அனுமதியில், எந்தக் கோவையில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுத்தில் ஒன்றுமில்லை. எட்டுக் காம்பராவுக்கும் ஒரே பகலில் இழுத்து முடித்தார்கள். கடைசிக் காம்பராக்காரியின் ரைஸ் குக்கர் இப்போது சோற்றை வேகவைத்துத் தானாக நிற்கிறதாம். எரிந்த கேபிளை ஓரத்தில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து முறுக்கை வெட்டி எடுத்துக்கொண்டேன். இனி அது எதற்கும் சாட்சி இல்லை, ஆனாலும் பழக்கம்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். விரல்கள் மடங்கும், சோறு பிசையலாம், தலை வாரலாம். புறங்கையில் மட்டும் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது; திரும்பி வர வாய்ப்புக் குறைவு என்றார் டாக்டர். கட்டை அவிழ்த்து முடித்த நாளில் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. முன்னறையில் உட்கார்ந்தாள். என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் தபால்காரர் பெல் அடித்தார்.

அலுவலகத்தின் கடிதம். சிங்களத்தில் இருந்தது, தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் போட வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது, அது கிடக்கட்டும். ‘உமது இல.’ என்ற இடத்தில் என் கடிதத்தின் இலக்கத்தைச் சரியாகப் போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் ஒரு கணம் மனம் குளிர்ந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மதினி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். தமிழில் சொன்னேன்: மேற்படி இணைப்பு மின்மானிக்கு அப்பால் அமைந்திருப்பதால், தகைமை பெற்ற மின்வேலையாளர் ஒருவரைக் கொண்டு அதனை நீங்களே திருத்திக்கொள்வதற்கு இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

“அப்படின்னா, கேக்காமலே செஞ்சிருக்கலாங்குறாங்களா?”

“ஆமா மதினி.”

தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனவள், பழக்கத்தில் வலது புறங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, “ஆறிருச்சான்னு பாருங்க கொழுந்தனாரே, எனக்குத் தெரியல” என்றாள்.

கடிதத்தை விதியின் நிழற்பிரதியோடு சேர்த்து, அந்த முறுக்குக் கம்பிக்கு அடியில் வைத்தேன். அதில் போட்டிருந்த திகதி தீப்பிடிப்பதற்கு நான்கு நாள் முந்தியது. நான்கு நாள் முன்பே கையொப்பமாகி, யாரோ ஒரு இலிகிதரின் தட்டில் முத்திரைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வரும் கடிதங்களில் கிடைத்த திகதியைச் சிவப்பு மையால் வலது மேல் மூலையில் எழுதுவது என் வழக்கம். அன்றும் எழுதினேன்: கிடைத்தது, தீப்பிடித்து நாற்பத்தோராவது நாள்.